அகதிக் கப்பலைத் திருப்பிவிட்ட நாடு போருக்கு வந்த கதை

கார்ஹிங்கிலை இருக்கிற எங்களுக்கு டாஹவ் பக்கத்து ஊர் மாதிரித்தான். 29.04.1945 அன்று அங்கிருந்த வதைமுகாமுக்குள் அமெரிக்கப் படைகள் நுழைந்தபோது 30,000க்கும் மேற்பட்ட கைதிகள் உயிரோடு இருந்தார்கள். அடுத்த நாள் மூன்சன் நகரமும் விழுந்தது. அமெரிக்கன் வந்துதான் காப்பாற்றினான் என்று சொல்லுவினம். உண்மைதான். ஆனால் அவன் வர ஏன் அவ்வளவு காலம் எடுத்தது?

1917இல் முதலாம் உலகப்போரில் இறங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அது. ஐரோப்பாக்காரன்ரை சண்டை எங்களுக்கு என்னத்துக்கு என்ற எண்ணம் சனத்திடம் ஊறிப்போயிருந்தது. 1935இல் இருந்து நடுநிலைச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். போரிலே நொந்த சனத்தின் அந்த மனதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உயிர்தப்பி ஓடிவந்தவர்களையும் ஒதுக்கீட்டுக்கு மேலே எடுக்க மறுத்தார்களே! 1939 மே மாதம் ஹம்பேர்க்கில் இருந்து 'சென் லூயிஸ்' கப்பலில் 937 பேர் புறப்பட்டார்கள். அநேகமாக எல்லோரும் யூத அகதிகள். கியூபாவில் மிகச் சிலரைத் தவிர ஒருவரையும் இறங்க விடவில்லை. மியாமி நகரத்து வெளிச்சம் தெரிகிற தூரத்துக்கு வந்தும் அமெரிக்காவும் விடவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் பிறகு நாசிகளின் யூத அழிப்பில் மாண்டுபோனார்கள்.

யப்பான் பேர்ள் ஹாபரில் குண்டுபோட அமெரிக்கா போருக்கு வந்தது. ஏ.எல். படித்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது இந்த ஒரு வரிதான். ஒரே நாளில் நடந்த காரியமில்லை பாருங்கோ. 1940இல் பிரான்ஸ் விழுந்ததும் கட்டாய ஆள்சேர்ப்பு, பிரித்தானியாவுக்கு 50 பழைய போர்க்கப்பல்கள், 1941 மார்ச்சில் ஆயுதங்களை இரவல் கொடுக்கும் சட்டம் என்று கால் மெல்ல மெல்ல உள்ளே போனது. எண்டாலும் சனம் இரண்டுபட்டுத்தான் நின்றது. 1941 ஓகஸ்டில் படையினரின் சேவைக்காலத்தை நீடிக்கிற மசோதா 203க்கு 202 என்று ஒரேயொரு வாக்கால் தப்பியது!

டிசம்பர் 7இல் பேர்ள் ஹாபரில் 2,400க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மறுநாள் போருக்கு எதிராக விழுந்ததும் ஒரேயொரு வாக்கு. 1917இலும் எதிர்த்து வாக்களித்த ஜனெற் ரங்கின் என்ற பெண்ணின் வாக்கு அது. 11ஆம் திகதி ஹிட்லர் தானே முந்தி அமெரிக்கா மீது போரை அறிவித்தார். (பேர்ள் ஹாபரைத் தாக்கிய விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்துதான் 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்க வந்தவை. மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியாவின் 'ஹேர்மிஸ்' கப்பல் தாண்டதும் அப்போதுதான்.)

போருக்குள் வந்த பிறகும் அகதிகள் விசயத்தில் கை தளர நாளெடுத்தது. 1944 ஓகஸ்டில்தான் இத்தாலியில் இருந்து 982 பேரைக் கொண்டுபோய், நியூயோர்க் மாநிலத்து ஒஸ்வீகோ என்ற ஊரில் வேலிக்குள் வைத்தார்கள். போர் முடிந்ததும் திரும்பிப் போவோம் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். போர் முடிந்தும் மாதக்கணக்காக முகாமிலேயே காத்திருந்து, 1945 டிசம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு அங்கே இருக்க வழி கிடைத்தது.