மண்மேடும் ஒலிபெருக்கியும்

மேகனா நதி கடலொடு கலக்குமிடத்தில், வண்டலாற் பிறந்த தாழ்ந்த தீவுகள் பல உள. அவற்றுட் பெரியது போலா. 1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானுக்குரிய இத்தீவுகளைச் சூறாவளியும் கடற்பெருக்கும் மூடின. மாண்டவர் மூன்று இலட்சத்துக்குக் குறையார். வானொலி எச்சரிக்கை விடுக்காமலில்லை. கேட்டவர் ஏறி ஒதுங்குதற்கு உயர்ந்த இடந்தான் இல்லை.

வங்காளதேசம் உதயமானபின், 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாகச் சூறாவளி ஆயத்தத் திட்டம் தொடங்கிற்று. ஊரவரே அதன் தொண்டர்கள். கொடியேற்றியும், கையொலிபெருக்கியுடன் வீடுவீடாய்ச் சென்றும் அவர்கள் எச்சரித்தனர். மண்மேடுகளும் எழுந்தன. உழவன் தன் பசுவை விட்டு வரான் என்பதறிந்து, அவற்றிற் கால்நடைக்கும் இடம் வைத்தனர். நகரத்து அலுவலர்க்கு எளிதிற் புலப்படாத நுட்பம் இது!

ஆயினும் 1991 ஏப்ரலில் ஏறத்தாழ 1,40,000 பேர் மடிந்தனர்; அவருட் பெண்களே மிகுதி. புகலிடங்கள் போதவில்லை; ஆடவர் நெருங்கிய மண்டபத்துள் நுழையவும் பெண்கள் பலர் தயங்கினர். அதன்பின் புகலிடங்கள் பெருகின. பெண்களுக்குத் தனியறைகள் அமைந்தன. பெண் தொண்டரும் பெருகினர். 2007 நவம்பரிற் சிடர் சூறாவளி தாக்கியபோது இறந்தோர் ஏறக்குறைய 3,400.

புவி வெப்பத்தாற் கடல்மட்டம் உயர்ந்துவருகின்றது. பழைய மண்மேடுகள் சிலவற்றையும் அண்மை ஆண்டுகளில் உயர்த்திப் புதுப்பித்துள்ளனர்.