நோர்வேயில் நீதிமன்றத்தின் பணப்பை யாருடைய கையில்?

1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் நோர்வேக்கு வந்து தஞ்சம் கோரிய எம்மவர்களுக்கு அந்தக் கடித உறைகள் நினைவிருக்கும். குடிவரவுத் திணைக்களமான யூ.டி.ஐ. விண்ணப்பத்தை நிராகரித்தால், மேன்முறையீடு நீதி அமைச்சுக்குப் போகும். அமைச்சும் மறுத்துவிட்டால் மிஞ்சியிருந்தது நீதிமன்றம் மட்டுமே. ஆனால் அந்த நீதிமன்றத்துக்கு ஆண்டுதோறும் பணம் பகிர்ந்து கொடுத்ததும், கட்டடத்துக்கும் ஆளணிக்கும் பொறுப்பாக இருந்ததும் அதே நீதி அமைச்சுதான். யாருடைய முடிவை எதிர்த்து வழக்குப் போட்டோமோ, அவர்களே நீதிமன்றத்தின் பணப்பையையும் வைத்திருந்தார்கள்.

அமைச்சர் சொல்லித் தீர்ப்பு எழுதப்பட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. நோர்வேயின் அரசமைப்பின் 22ஆவது பிரிவின்படி ஒரு நீதிபதியை, நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மூலம் அல்லாமல், பதவி நீக்க முடியாது. அது 1814இலிருந்து இருந்துவரும் பாதுகாப்பு. ஆனாலும் கணக்கு வேலையில் ஊறிப்போன எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காசோலையில் கையெழுத்து வைப்பவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும், அதைக் குறையென்றே எழுதுவோம்.

நோர்வேக்காரரும் அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். நீதிமன்றங்களை ஆராய்ந்த ஆணைக்குழு ஒன்று 1999இல் அறிக்கை கொடுத்தது. முதலில் மாறியது தஞ்சக் கோரிக்கை மேன்முறையீடு: 2001 தொடக்கம் அது யூ.என்.ஈ. என்ற தனிச் சபையிடம் போனது. அடுத்து, 2002 நவம்பர் 1ஆம் திகதி நீதிமன்ற நிர்வாகம் அமைச்சிலிருந்து பிரிக்கப்பட்டு, 'டொம்ஸ்தூல் அட்மினிஸ்த்ரஷூனன்' என்ற புதிய அமைப்பிடம் கையளிக்கப்பட்டது. அதன் தலைமையகம் ஒஸ்லோவில் இல்லை, துரொன்ஹைமில் இருக்கிறது.

இந்த அமைப்புக்கு மேலே ஒரு நிர்வாக சபை. தொடங்கியபோது சட்டம் வகுத்தபடி அதில் ஒன்பது பேர். சாதாரண நீதிமன்றங்களிலிருந்து மூன்று நீதிபதிகள், காணிப் பிணக்குகளைத் தீர்க்கும் நீதிமன்றங்களிலிருந்து ஒருவர், நீதிமன்ற ஊழியர்களின் சார்பில் ஒருவர், சட்டத்தரணிகள் இருவர். மீதி இருவரும் பொதுமக்களின் பிரதிநிதிகள். இவர்களைப் பாராளுமன்றம் தெரிவு செய்கிறது, மற்ற ஏழு பேரையும் அரசாங்கம் நியமிக்கிறது. சட்டத்தரணிகளைச் சேர்த்தது நல்ல யோசனை என்றே எமக்குப் படுகிறது. வழக்கு ஏன் இழுபடுகிறது, கட்சிக்காரர் எவ்வளவு காலம் வாசலில் காத்திருக்கிறார் என்பது மேசைக்கு மறுபக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும்.

நீதிமன்றங்களுக்கிடையே பணத்தைப் பகிர்வது, கணினி வசதி, கட்டடம், நீதிபதிகளுக்கான பயிற்சி, இவைதான் அதன் வேலை. எந்த வழக்கிலும் அது தலையிட முடியாது. அமைச்சர் தனியே அதற்கு உத்தரவு போடவும் முடியாது. உத்தரவு தேவையென்றால் அரசாங்கம் முழுவதுமாக, அரச சபையில், முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் அமைப்பின் கருத்தைக் கேட்க வேண்டும். பாராளுமன்றத்துக்கும் அறிவிக்க வேண்டும். இரகசியமாக ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம் இல்லை என்பதுதான் இதன் பயன்.

குறைகளும் உண்டு. மொத்தத் தொகை எவ்வளவு என்பதை இன்றும் வரவு செலவுத் திட்டம்தான் தீர்மானிக்கிறது. கிடைத்ததைப் பங்கிடலாம், கூட்ட முடியாது. 2021இல் 60 மாவட்ட நீதிமன்றங்கள் 23 ஆக இணைக்கப்பட்டபோதும் இறுதி முடிவு அரசியல்வாதிகளிடமே இருந்தது. இத்தகைய சபைகளில் பாதிப்பேராவது சக நீதிபதிகளால் தெரிவு செய்யப்பட்ட நீதிபதிகளாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய பேரவை 2010இல் பரிந்துரைத்தது. மேலே சொன்ன ஒன்பது பேரில் நீதிபதிகள் நால்வர், அவர்களையும் நியமிப்பது அரசாங்கம். டென்மார்க்கில் 1999இல் தொடங்கிய இதே மாதிரியான சபையில் 11 பேர். அவர்களில் எட்டுப் பேர் நீதிமன்றங்களைச் சேர்ந்தவர்கள். எண்ணிப் பார்த்தால் டேனிஷ்காரர் ஒரு படி முன்னால்தான் நிற்கிறார்கள்.

இலங்கையில் நீதிச்சேவை ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவரும் கொண்ட அந்த ஆணைக்குழு கீழ் நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்தையும் ஒழுக்காற்றையும் பார்க்கிறது. சட்டத்தரணியோ பொதுமகனோ அதில் இல்லை, கட்டடமும் செலவும் நீதி அமைச்சின் பக்கம். 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஒருவரே பாராளுமன்றத்தின் குற்றப்பிரேரணையால் பதவியிழந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த அனுபவத்தோடுதான் எம்மவர்கள் இங்குள்ள நீதிமன்றப் படியிலும் ஏறுகிறார்கள். இங்கேயும் மேலிடத்தில் ஆளைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று நம்புகிறார்கள்.

எங்களிடம் வரி விடயமாக வந்துபோகும் குடும்பம் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிவில் வழக்கில் தோற்றது. நீதிபதி பேசிய விதம் அவமானமாக இருந்தது, தீர்ப்பும் பிழை என்பது அவர்களின் முறைப்பாடு. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி அமைச்சருக்கு அனுப்பினார்கள். இதில் தலையிட முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதற்குள் மேன்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது. எங்களிடம் அந்தக் கடிதங்களைக் காட்டியபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அது உண்மையில் இரண்டு வழிகளில் போயிருக்க வேண்டிய விடயம். தீர்ப்பு பிழையென்றால் மேல் நீதிமன்றம்: சிவில் வழக்கில் ஒரு மாதம், குற்றவியல் வழக்கில் இரண்டு வாரம். நீதிபதியின் நடத்தை பிழையென்றால் 'தில்சீன்ஸ்உத்வால்க' என்ற மேற்பார்வைக் குழு. இரண்டு நீதிபதிகள், ஒரு சட்டத்தரணி, பொதுமக்கள் சார்பில் இருவர் என ஐந்து பேர் அதில் இருக்கிறார்கள். விடயம் தெரியவந்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். குழு அந்த நீதிபதியைக் கண்டிக்கலாம் அல்லது எச்சரிக்கலாம், ஆனால் தீர்ப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாது. முறைப்பாடு போட்டுவிட்டோம், பதில் வரட்டும் என்று மேன்முறையீட்டைத் தள்ளிப்போடவும் கூடாது. அந்த நாட்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது யாராவது தீர்ப்போடு வந்தால், நாங்கள் முதலில் தேடுவது அது கையில் கிடைத்த திகதியைத்தான்.