சேலம், நாமக்கல் சமவெளியில் பத்திரிகையும் அரசியலும்

அரசியல்வாதி ஒருவர், அவரைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் இன்னொருவர் என்ற பிரிவு தமிழ்நாட்டில் காலந்தாழ்ந்து வந்தது. சுதந்திரப் போராட்ட காலத்தில் பெரும்பாலும் இருவரும் ஒருவரே. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இதைத் தெளிவாகக் காணலாம்.

இராசிபுரத்தில் 1887இல் பிறந்த பி. வரதராஜுலு நாயுடு சித்த மருத்துவர், காங்கிரஸ் தலைவர், பத்திரிகை ஆசிரியர். மதுரையில் பேசிய பேச்சுக்காக 1918இல் அவர் மீது அரச துரோக வழக்கு வந்தபோது, அவருக்காக வாதாடியவர் சேலம் வழக்கறிஞர் ராஜாஜி. பின்னர் சேலத்திலிருந்து ‘தமிழ்நாடு’ இதழை நாயுடு நடத்தினார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததை அந்த இதழ் விடாமல் கண்டித்தது. குருகுலம் காங்கிரஸ் நிதி பெற்ற நிறுவனம். அதனால் கட்சிக்குள் நடந்த சண்டையே பத்திரிகையில் செய்தியாயிற்று. அந்தச் சண்டையில், 1925இல் ராஜாஜி நாயுடுவுக்கு எதிரணியில் நின்றார். தன் கட்சியின் குறையைத் தன் இதழிலேயே எழுதத் துணிந்தது நாயுடுவின் பெரும் பங்களிப்பு.

ராஜாஜிக்கும் எழுத்தாளர் கல்கிக்கும் இருந்த உறவு வேறு வகையானது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 1929இல் வெளிவந்த ‘விமோசனம்’ இதழுக்கு அவர் ஆசிரியர், கல்கி துணையாசிரியர். ராஜாஜி பிரதமராக இருந்த சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது. ஆசிரமத்தில் அச்சேறிய வாதம் எட்டு ஆண்டுகளில் சட்டமாயிற்று. 1941இல் தொடங்கிய ‘கல்கி’ வார இதழிலும் இந்த நெருக்கம் தொடர்ந்தது. ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ அதில்தான் தொடராக வந்தது. எளிய, தெளிந்த தமிழில் அரசியலை வீட்டுக்குள் கொண்டுசேர்த்தது இந்த நட்பின் நற்பயன். ஆனால் ராஜாஜியைக் கடுமையாக விமரிசிக்கும் எழுத்தைத் தேடியவர்கள் ‘விடுதலை’ போன்ற எதிரணித் திராவிட இயக்க இதழ்களுக்கே போக வேண்டியிருந்தது.

எதிரணியிலும் அரசியல்வாதியே பத்திரிகையாளர் என்ற நிலைதான். 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என மாற்றிய தீர்மானம் அண்ணாதுரையின் பெயரால் வந்தது. அப்போது அவர் ‘திராவிட நாடு’ இதழின் ஆசிரியர். ‘தினத்தந்தி’யை நிறுவிய சி.பா. ஆதித்தனார் 1967இல் சட்டமன்றப் பேரவைத் தலைவரானார்.

கட்சி சாராத இதழ்கள் வளர்ந்தபோது மோதலும் கூடியது. அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றில் சட்டமன்ற உறுப்பினரை ஜேப்படித் திருடனாகவும் அமைச்சரை முகமூடிக் கொள்ளைக்காரனாகவும் வரைந்ததற்காக, ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 1987 ஏப்ரலில் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே இரண்டு நாளில் விடுதலையானார். பின்னர் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து ஆயிரம் ரூபாய் இழப்பீடும் பெற்றார். தொகை சிறிது, ஆனால் சட்டமன்றத்தின் தண்டனை அதிகாரத்துக்கும் வரம்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு நிறுவியது. 2003 நவம்பரில் ‘தி இந்து’ பொறுப்பாளர்களுக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் பேரவை 15 நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இத்தண்டனைகளுக்கு அடிப்படையான சட்டமன்ற உரிமைகளைத் தொகுத்து வரையறுக்கும் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை.