பழைய கேம்பர் வேனின் டயர்கள்

ஐரோப்பாவில் பழைய கேம்பர் வேன் என்ற பேச்சு வந்தாலே ஃபோக்ஸ்வேகன் டைப் 2-தான் முதலில் நினைவுக்கு வரும். 1950-ல் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் தொடங்கிய இதன் உற்பத்தி 1956-ல் ஹனோவருக்கு மாறியது. முன்கண்ணாடி இரண்டாகப் பிளந்த முதல் தலைமுறை 1967 வரை வந்தது; வளைந்த ஒற்றைக் கண்ணாடி கொண்ட இரண்டாவது 1979 வரை; அதன்பின் பெட்டி வடிவ மூன்றாவது. வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதலே இதற்குள் படுக்கை, அலமாரி, அடுப்பு ஆகியவற்றைப் பொருத்தி வீடாக்கி விற்றது. அந்த வண்டிகள் இன்று கோடையில் சில வாரங்கள் ஓடுகின்றன. மற்ற மாதங்களில் கொட்டகையிலோ வீட்டு வாசலிலோ நிற்கின்றன. அதனால் இவற்றின் டயர் பெரும்பாலும் ஓடித் தேய்ந்து சாவதில்லை, நின்று சாகிறது.

வயது

டயர் ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோனும் ஆக்சிஜனும் மெல்ல அரிக்கின்றன. இதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் ரப்பர் கலவையில் மெழுகும் காப்பு வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போது இவை கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்து படியும். நிற்கும் வண்டியில் அந்த அசைவு இல்லை. பக்கச்சுவரிலும் பட்டைப் பள்ளங்களின் அடியிலும் முடிபோன்ற வெடிப்புகள் தோன்றுவது இதனால்தான். உள்ளே எஃகு இழைப் பட்டைகளை ஒட்டியிருக்கும் ரப்பரும் இறுகி உடையக்கூடியதாகிறது. அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. பளபளப்புக்காகப் பூசும் சில மெருகு எண்ணெய்கள் மேலே வந்த காப்புப் படலத்தையே கரைத்துவிடும். கண்காட்சிக்குப் போகும் வண்டிகளில் இந்த வேடிக்கை அடிக்கடி நடக்கிறது.

பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் தொடரின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதியைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். 2000-க்கு முந்தைய டயர்களில் மூன்றே இலக்கங்கள் இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை, கழற்றிவிடலாம். முழு எண் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே அச்சாகியிருக்கும். அது உட்பக்கமாக மாட்டப்பட்டிருந்தால் டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை ஆண்டு என்பதில் ஒருமித்த விதி இல்லை. ஆறு ஆண்டில் மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்கள் உண்டு. பத்து ஆண்டை உச்ச வரம்பாக வைக்கும் டயர் நிறுவனங்களும் உண்டு. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே, இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்து ஒன்று முன் டயர் வெடித்து மரத்தில் மோதியதில் மூவர் இறந்தனர். அந்த டயருக்கு வயது 19. அதன்பின் எழுந்த நீண்ட போராட்டத்தின் விளைவாக, 2021 பிப்ரவரி 1 முதல் பத்து ஆண்டைத் தாண்டிய டயர்களை லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பிரிட்டன் தடை செய்தது. சொந்தக் கேம்பர் வேன் அந்தத் தடைக்குள் வராது. போதாக்குறைக்கு, பெரிய மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு பழைய வண்டிகளுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனையிலிருந்தும் அங்கே விலக்கு. அதாவது மிகப் பழைய டயர் இருக்கக்கூடிய வண்டியைத்தான் யாரும் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. பட்டைப் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு. ஆனால் நின்று கெட்ட டயர் அதை மிக எளிதாகத் தாண்டிவிடும்.

சுமையும் காற்றும்

இரண்டாம் தலைமுறை வேனின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை சுமார் 2,300 கிலோ. எஞ்சின் பின்னால் இருப்பதாலும், அலமாரியும் படுக்கையும் பெரும்பாலும் பின்பக்கமே அமைவதாலும், அதில் பாதிக்கு மேல் பின் அச்சில் விழுகிறது. இதற்கு உரியது 185 ஆர் 14 சி என்ற வணிக வாகன டயர். கடைசியில் உள்ள சி எழுத்துதான் உயிர்நாடி. இதன் சுமை எண் வழக்கமாக 102, அதாவது ஒரு டயருக்கு 850 கிலோ. அதே அகலத்தில், அதே ரிம்மில் உட்காரும் கார் டயர் ஒன்றின் சுமை எண் 91, அதாவது 615 கிலோ. நான்கையும் கூட்டினால் 2,460 வருகிறதே என்று கடைக்காரர் சமாதானம் சொல்லலாம். பின் இரண்டை மட்டும் கூட்டினால் 1,230. தண்ணீர்த் தொட்டி நிரம்பி, நான்கு பேர் ஏறி, வண்டி மலை வளைவில் திரும்பும்போது மிச்சம் என்று சொல்ல எதுவும் இருக்காது.

காற்று முன்னும் பின்னும் ஒரே அளவல்ல. இந்தத் தலைமுறைக்கு முன்னால் 30 பிஎஸ்ஐ, பின்னால் 40 என்பது வழக்கமான அளவு. சரியான எண்ணை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் வளையும். வளைவு சூடாக மாறும். சூடு பழைய ரப்பரிலிருந்து எஃகுப் பட்டையைப் பிரிக்கும். பின் டயர் இப்படிப் போனால் உயரமான, வால் கனத்த இந்த வண்டி திசை திரும்பிவிடும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்வதற்கும் காரணம் இதுவே. முன்னால் ரேடியலும் பின்னால் குறுக்கு இழை டயரும் (நம் கடைகளில் நைலான் டயர் எனப்படுவது) போடுவதை பிரிட்டிஷ் சட்டமே அனுமதிப்பதில்லை.

ரிம்

இரண்டாம் தலைமுறையில், 1970 ஆகஸ்டில், 1971 மாடலோடு, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. ஐந்து போல்ட்களின் வட்ட விட்டமும் 205 மி.மீ.யிலிருந்து 112 ஆகச் சுருங்கியது. அதற்கு முந்தைய ரிம் பிந்தைய வண்டியில் ஏறாது. 112 பல பென்ஸ் கார்களுக்கும் பொது என்பதால் அவற்றின் அலாய் சக்கரங்களை மாட்டுவது பரவலான அலங்காரம். அழகு கெடாது, ஆனால் அந்தச் சக்கரம் எத்தனை கிலோ தாங்கும், போல்ட் உட்காரும் குழி உருண்டையா கூம்பா என்று பார்க்காமல் மாட்டுவது மடமை. மிகப் பழைய ரிம்களில் டயர் விளிம்பைப் பிடித்து வைக்கும் மேடு இருக்காது. அவற்றில் ரேடியல் போட்டால் டியூபும் சேர்த்தே போட வேண்டும். ரிம்மின் உட்புறத் துருவைச் சுரண்டாமல் புது டயர் மாட்டினால் காற்று கசியும். வால்வையும் கூடவே மாற்ற வேண்டும்.

வண்டியைத் தூக்குவதற்கு அடிப்பக்கத்தில் சதுரக் குழாய்கள் உண்டு. வெளியே பெயின்ட் பளபளத்தாலும் இவை உள்ளே துருப்பிடித்திருக்கும். ஜாக்கியோடு சேர்ந்து தகடு மேலே போகும், வண்டி கீழேயே இருக்கும். மாட்டிய போல்ட்களை 50 கி.மீ. ஓடியபின் மறுபடி முறுக்கிப் பார்ப்பது வழக்கம்.

ஸ்டெப்னி

மாற்று டயரைத் தமிழில் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸின் லனெல்லி நகரில் உள்ள ஸ்டெப்னி தெருவில், மாற்றுச் சக்கரமே இல்லாத அக்கால கார்களுக்காக 1904-ல் உருவான உபரிச் சக்கரத்தின் பெயர் அது. பிறந்த நாட்டிலேயே பலர் மறந்துவிட்ட சொல் நம் ஒர்க்‌ஷாப்களில் வாழ்கிறது. கேம்பர் வேனில் பெரும்பாலும் மிக வயதான டயர் இதுதான். வண்டியின் மூக்கில் மாட்டியிருந்தால் வெயில் குடிக்கும். மூன்றாம் தலைமுறையில் முன்தளத்துக்குக் கீழே ஒரு தட்டில் படுத்திருக்கும். தட்டை இறக்கினால்தான் அதன் நான்கு இலக்கம் தெரியும். முதல் சொந்தக்காரர் வாங்கியபோது வந்த டயரே இன்னும் அங்கே கிடப்பதும் உண்டு.