வந்த தடம் உண்டு, போன தடம் இல்லை

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தப் பழைய வழக்கைப் படியுங்கள்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலம். மியூனிக்கிலிருந்து வடக்கே சுமார் 70 கிலோமீட்டரில், காட்டை ஒட்டிய தனிப் பண்ணை, ஹிண்டர்கைஃபெக். 1922 மார்ச் கடைசி. காட்டிலிருந்து பண்ணைக்குப் பனியில் காலடித் தடம் வருகிறது, திரும்பிப் போன தடம் இல்லை. வீட்டுச் சாவி ஒன்றும் காணவில்லை. பண்ணைக்காரர் க்ரூபர் இதை அக்கம்பக்கத்தில் சொன்னாரே தவிர, போலீசுக்குப் போகவில்லை.

மார்ச் 31 இரவு, க்ரூபர், மனைவி, மகள், 7 வயதுப் பேத்தி, 2 வயதுப் பேரன், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பணிப்பெண் என ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். பேத்தி பள்ளிக்கு வரவில்லை, தபால் அப்படியே கிடக்கிறது. ஏப்ரல் 4 அன்றுதான் அக்கம்பக்கத்தார் உள்ளே போய்ப் பார்த்தார்கள். இடைப்பட்ட நாட்களில் மாடுகளுக்கு யாரோ தீனி வைத்திருக்கிறார்கள்! எனக்கு இதுதான் இன்னும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.

மியூனிக்கிலிருந்து இன்ஸ்பெக்டர் ரைன்க்ரூபர் குழுவோடு வருவதற்குள் ஊர்க்காரர்கள் உள்ளே நடந்து, உடல்களையும் நகர்த்திவிட்டார்கள். கெட்ட எண்ணமில்லை, பதற்றம்தான். ஆனால் தடயம் போனது போனதுதான். முதலில் கொள்ளை என்று நினைத்தார்கள். வீட்டிலோ பணம் நிறைய அப்படியே இருந்தது. துப்புக் கொடுப்பவருக்கு 1,00,000 மார்க் பரிசு அறிவித்தார்கள். (வங்கிக்காரன் என்பதால் சொல்கிறேன்: அடுத்த ஆண்டுப் பணவீக்கத்தில் அந்தத் தொகைக்கு ஒரு ரொட்டிகூடக் கிடைத்திருக்காது.)

தலைகளைத் தனியே எடுத்து மியூனிக்குக் கொண்டுபோனார்கள். அவை திரும்பவே இல்லை. ஆறு பேரும் தலையில்லாமலேயே வைட்ஹோஃபன் கல்லறையில் இருக்கிறார்கள். 1923-இல் வீட்டை இடித்தபோதுதான், போலீஸ் கண்ணில் படாத ஆயுதம் பரணில் அகப்பட்டது. நிலம் கொத்தும் கருவி, வீட்டுடையதேதான்.

நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சந்தேகிக்கப்பட்டார்கள். கடைசி விசாரணை நடந்தது 1986-இல். 2007-இல் போலீஸ் அகாடமி மாணவர்கள் கோப்பை மறுபடி புரட்டி, இன்னார்தான் இருக்கும் என்று தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெயரை மட்டும் வெளியிடவில்லை. சம்பந்தப்பட்டவரின் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்களாம்.