குப்பைக் கிடங்கு மண்ணை வயலில் இடலாமா? விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

பழைய குப்பைக் கிடங்குகளைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் 'பயோமைனிங்' பணி, சென்னை பெருங்குடி, கொடுங்கையூர், கோவை வெள்ளலூர் உட்படப் பல ஊர்களில் எடுக்கப்பட்டுள்ளது. சலிக்கும்போது பிளாஸ்டிக், துணி, கல் ஆகியவை தனியாகவும், கருப்பு நிற மண் தனியாகவும் பிரியும். இந்த மண் பார்ப்பதற்கு மக்கிய எரு போலவே இருக்கும். இலவசமாகக் கிடைத்தாலும், சோதிக்காமல் வயலில் கொட்டக்கூடாது.

கிடங்கினுள் நடப்பது என்ன?

எருக்குழியில் சாணமும் இலைதழையும் மட்டுமே மக்குகின்றன. கிடங்கிலோ காய்கறிக் கழிவுடன் பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா எல்லாம் கலந்து கிடக்கும். மழைநீர் இவற்றினூடே இறங்கிக் கருமையான கசிவு நீராக வெளியேறும். குப்பை புதிதாக இருக்கும்போது இந்த நீரில் அமிலத்தன்மை அதிகம் என்பதால் உலோகங்கள் கரையும். பிறகு அமிலம் குறைந்தாலும், உப்பும் அம்மோனியாவும் பல ஆண்டுகள் கசியும். காற்றுப் புகாத ஆழத்தில் மீத்தேன் வாயுவும் உருவாகும். அதனால்தான் கிடங்கில் தீப்பிடித்தால் எளிதில் அணைவதில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடியிலும், 2024 ஏப்ரலில் வெள்ளலூரிலும் தீ பல நாட்கள் நீடித்தது.

ஆபத்து எங்கே?

ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் மக்குவதில்லை. ஒருமுறை மண்ணில் கலந்தால் பிரித்தெடுக்க முடியாது. கீரை வகைகள் காட்மியத்தை எளிதில் உறிஞ்சும். கண்ணாடித் துண்டுகள் காலைக் கிழிக்கும். பிளாஸ்டிக் துகள்கள் மண்ணிலேயே தங்கிவிடும்.

மாநகர் கம்போஸ்டுக்கான அளவுகள்

உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ன்படி இருக்க வேண்டியவை:

- ஈயம்: கிலோவுக்கு 100 மி.கி.க்கு மிகாமல்
- காட்மியம்: 5 மி.கி.க்கு மிகாமல்
- குரோமியம், நிக்கல்: தலா 50 மி.கி.க்கு மிகாமல்
- பாதரசம்: 0.15 மி.கி.க்கு மிகாமல்
- மின் கடத்துதிறன் (இ.சி.): 4 டெசி சைமன்ஸுக்கு மிகாமல்
- கரிமச்சத்து: குறைந்தது 12 சதவீதம்

ஈயம் இந்த உச்ச அளவில் இருந்தாலே, 10 டன் இடும்போது 1 கிலோ ஈயம் வயலில் சேரும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இட்டால் அது கூடிக்கொண்டே போகும்.

மாதிரி எடுக்கும் முறை

குவியலின் மேல், நடு, அடிப் பகுதிகளில் 10 முதல் 15 இடங்களில் மண் எடுத்து நன்றாகக் கலக்கவும். அதை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை ஒதுக்கி, அரை கிலோவாகக் குறைக்கவும். சுத்தமான பையில் இட்டு அனுப்பவும். இ.சி., கார அமில நிலையை மண் பரிசோதனை நிலையத்திலேயே அறியலாம். கன உலோகங்களை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பரிசோதிக்க வேண்டும். மண் தருபவர்களிடமே அந்த லோடுக்கான ஆய்வறிக்கையைக் கேட்டுப் பெறலாம்.

கிடங்கு அருகே கிணறு இருந்தால்

பழைய கிடங்குகள் பலவற்றில் அடித்தளத் தடுப்பு இல்லை. கிடங்கு மூடப்பட்டாலும் கசிவு உடனே நிற்காது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு தண்ணீர் பிடித்து, கோடையிலும் மழைக்காலம் முடிந்ததும் சோதிக்கவும். இ.சி. 3 டெசி சைமன்ஸுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றதல்ல. குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட் அளவுகளையும் கேட்டுப் பெறவும். நீரில் கருமையோ நாற்றமோ தெரிந்தால் குடிக்கவும், கால்நடைகளுக்குக் கொடுக்கவும் கூடாது.

பரிந்துரை

- ஆய்வறிக்கை இல்லாத கிடங்கு மண்ணை உணவுப் பயிர், கீரை, தீவனப்புல் வயல்களில் இடவேண்டாம்.
- பள்ளம் நிரப்பவும் கிணறு, குளம் அருகே கொட்ட வேண்டாம்.
- நகரக் கழிவு உரம் தேவையெனில், வீடுகளிலேயே தரம் பிரித்து வாங்கிய மக்கும் கழிவில் தயாரான உரத்தைக் கேட்டு வாங்கவும்.
- ஏற்கெனவே இட்டிருந்தால், அடுத்த விதைப்புக்கு முன் வயல் மண்ணைக் கன உலோகங்களுக்காகப் பரிசோதித்து, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெற்றுப் பயிரைத் தேர்வு செய்யவும்.