ஆயுத அங்காடியும் அமானிதமும்

இஸ்லாமிய நாகரிகத்தின் வாணிப வரலாற்றில் துணியங்காடி, நறுமணப் பொருள் அங்காடி, நூலங்காடி ஆகியவை பற்றி எழுதப்பட்ட அளவுக்கு ஆயுத அங்காடி பற்றி எழுதப்படவில்லை. ஆயினும் விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரின் நேர்மையும் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் அதுவே. எந்தக் கடையிலும் எழும் கேள்விகள் இரண்டு: சரக்கு குறையற்றதா? விலை முறையாகக் கொடுக்கப்பட்டதா? ஆயுதக் கடையில் மட்டும் மூன்றாவதாக ஒரு கேள்வி எழுகிறது: வாங்கிச் செல்பவர் இதைக் கொண்டு என்ன செய்யப் போகிறார்? இம்மூன்று கேள்விகளையும் நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

மக்காவின் கொல்லுலை

முஸ்லிம் வரலாற்றில் நாம் அறிய வரும் முதல் ஆயுதக் கைவினைஞர்களுள் ஒருவர் கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள். மக்காவில் அடிமையாக இருந்து கொல்லுத் தொழில் செய்துவந்தவர். இஸ்லாத்தை ஏற்ற தொடக்க காலத்தவர்களுள் ஒருவர். அதன் பொருட்டு நெருப்பால் சுடப்பட்டவர்.

அவர் ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷித் தலைவருக்கு வாள் ஒன்று செய்து கொடுத்தார். கூலி கேட்டுச் சென்றபோது, முஹம்மதை நிராகரித்தாலன்றித் தரமாட்டேன் என்றார் ஆஸ். நீர் இறந்து மீண்டும் எழுப்பப்படும்வரை அது நடவாது என்றார் கப்பாப். அப்படியானால் அங்கும் எனக்குச் செல்வமும் மக்களும் இருப்பார்கள், அப்போது உன் கடனைத் தீர்க்கிறேன் என்று ஆஸ் எள்ளி நகையாடினார். இந்நிகழ்ச்சியை இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹில் பதிவு செய்துள்ளார்கள். ஸூரத்து மர்யமின் 77 முதல் 80 வரையுள்ள வசனங்கள் இதன் தொடர்பில் அருளப்பெற்றவை என்பது விரிவுரையாளர்கள் நன்கறிந்த செய்தி.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வாளைச் செய்தவர் வலிமையற்ற அடிமை. வாங்கியவர் வலிமை மிக்க தலைவர். உழைத்தவனின் கூலியை மறுத்த ஒரு வாடிக்கையாளரின் ஆணவம் இறைமறையின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆயுத வணிகத்தில் அநீதி எப்போதும் கடைக்காரரின் பக்கமிருந்தே வரும் என்பதில்லை.

இதற்கு எதிரான முன்மாதிரியை ஹி. 8ஆம் ஆண்டில் (கி.பி. 630) காண்கிறோம். மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைன் போருக்குக் கவசங்கள் தேவைப்பட்டன. அவை ஸஃப்வான் இப்னு உமையாவிடம் இருந்தன. அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. பறித்துக்கொள்ளப் போகிறீர்களா என்று அவர் வினவியபோது, இல்லை, பொறுப்பேற்கப்பட்ட இரவலாகவே பெறுகிறோம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். வெற்றி பெற்ற தலைவர், தோற்ற ஊரின் ஒருவரிடம், இரவல் கேட்டுப் பெற்றார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இந்த நபிமொழியே இரவல் பற்றிய ஃபிக்ஹ் சட்டங்களுக்கு அடிப்படைகளுள் ஒன்றாக அமைந்தது.

கையாளும் ஒழுக்கம்

இன்று துப்பாக்கி விற்கும் எந்த ஒழுங்கான கடையிலும், குழலை ஒருவரை நோக்கித் திருப்பக் கூடாது என்பதே முதல் விதி. இவ்விதியின் கருத்தைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்திய மதீனாவில் நாம் காண்கிறோம். பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புகளுடன் நடப்பவர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபியவர்கள் பணித்தார்கள். உறையிலிருந்து உருவிய நிலையில் வாளைக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டுவதையும் தடுத்தார்கள். ஷைத்தான் கையை நழுவச் செய்துவிடக்கூடும் என்பதை அதற்குக் காரணமாகக் கூறினார்கள்.

இக்கட்டளைகளில் சந்தை என்னும் சொல் வெளிப்படையாக இடம்பெறுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். போர்க்களத்துக்கு உரிய ஒழுக்கம் வேறு. கடைத்தெருவுக்கு உரிய ஒழுக்கம் வேறு. தீய எண்ணம் இல்லாமலும் தீங்கு நேரும் என்னும் அறிவே இவ்விதிகளின் உயிர்.

வாளின் தரம் அறிதல்

சரக்கு குறையற்றதா என்னும் முதற் கேள்விக்கு நூல் வடிவில் விடை தந்தவர் அறபுத் தத்துவ ஞானி அல்கிந்தீ. கி.பி. 873 அளவில் மறைந்த இவர், அப்பாஸிய கலீஃபா அல்முஃதஸிமுக்காக (ஆட்சி: கி.பி. 833-842) வாள்களின் வகைகள் பற்றித் தனி நூல் ஒன்று இயற்றினார். இரும்பு எங்கிருந்து வந்தது, வாள் எங்கே அடிக்கப்பட்டது, அதன் மேனியில் ஓடும் ‘ஃபிரிந்த்’ எனப்படும் நீரோட்டம் போன்ற கோலம் எத்தகையது, நிறமும் எடையும் அகலமும் எவ்வாறுள்ளன என்பனவற்றைக் கொண்டு அவர் வாள்களைத் தரம் பிரித்தார். உயர்ந்த வாள்களை ‘அதீக்’ என்று அவர் குறிப்பிடுகிறார். பழமை என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஆனால் காலத்தால் பழையதென்று பொருளல்ல, பண்பால் உயர்ந்தது என்றே பொருள் என அவரே தெளிவுபடுத்துகிறார். பழையது என்று சொல்லி எதையும் விற்றுவிடும் கடைக்காரரிடமிருந்து வாங்குபவரைக் காக்கும் விளக்கம் இது.

யமனிய வாள்களுடன் இந்திய வாள்களையும் அல்கிந்தீ உயர் வகையில் வைத்தார். ஸரந்தீப் எனப்படும் இலங்கையின் உருக்கையும் அவர் குறிப்பிடுகிறார். இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. இலங்கையின் ஸமனலவெவப் பகுதி மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே எரிந்த இரும்புலைகள் பலவற்றைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்து 1996ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்டார். அவ்வுலைகள் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அல்கிந்தீயின் காலம் அதனுள் அடங்குகிறது. அறபியர் நல்ல வாளை ‘முஹன்னத்’ என்றே அழைத்தனர். ஹிந்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் பாடிய ‘பானத் ஸுஆத்’ கஸீதாவிலும் இச்சொல் நபியவர்களுக்கான உவமையில் இடம்பெற்றிருப்பதை நம் மத்ரஸா மாணவர் அறிவர்.

அங்காடியும் கண்காணிப்பும்

சரக்கைத் தானே சோதித்தறியும் அறிவு எல்லா வாடிக்கையாளருக்கும் வாய்ப்பதில்லை. அக்குறையை நிறைவு செய்ய எழுந்ததே ஹிஸ்பா என்னும் சந்தைக் கண்காணிப்பு. முஹ்தஸிப் ஒவ்வொரு தொழிலுக்கும் அத்தொழிலறிந்த நம்பிக்கையாளர் ஒருவரை ‘அரீஃப்’ ஆக அமர்த்திக்கொள்வார். சலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவராகக் கருதப்படும் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பாக் கையேட்டில் கொல்லருக்கும் தனிப் பகுதி உண்டு. மென்னிரும்பால் கத்தி முதலியவற்றை அடித்து அவற்றை உருக்கு என்று விற்பதை அவர் தடை செய்கிறார். இதை ஏமாற்று வணிகத்தின் பட்டியலில் அவர் சேர்த்தது பொருத்தமே.

கெய்ரோவில் ஆயுத விற்பனைக்கெனவே ‘ஸூக்குஸ் ஸிலாஹ்’ என்னும் அங்காடி இருந்தது. வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (மறைவு: கி.பி. 1442) தம் ‘கிதத்’ நூலில், ஃபாத்திமிய ஆட்சிக்குப் பின் அது தோன்றியதையும், வில், அம்பு, கவசம் ஆகியவை அங்கே விற்கப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். சுல்தான் ஹஸன் பள்ளிவாசலுக்கு அருகே இன்றும் இப்பெயரில் ஒரு தெரு உண்டு.

விலை பற்றிய இரண்டாவது கேள்வியை ஃபுகஹாக்கள் எத்துணை நுட்பமாக நோக்கினர் என்பதற்கு, நம் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுப் போதும். வெள்ளியால் அலங்கரிக்கப்பட்ட வாள் ஒன்று 100 திர்ஹத்துக்கு விற்கப்படுகிறது. அதிலுள்ள வெள்ளியின் மதிப்பு 50 திர்ஹம். வாங்குபவர் 50 திர்ஹத்தை உடனே தந்து எஞ்சியதைக் கடன் சொல்கிறார். வெள்ளியை வெள்ளிக்கு விற்கையில் கடனுக்கு இடமில்லை, அது வட்டியாகிவிடும். ஆகவே கொடுத்த 50 திர்ஹமும் வெள்ளியின் பங்காகவே கணக்கிடப்படும், விற்பனை செல்லும் என்பது தீர்ப்பு. வாங்கியவர் அவ்வாறு வாய்விட்டுச் சொல்லாவிடினும் சரியே. கடனுக்கு வாங்கும் எளியவரின் வணிகம் முறியாமலும், வட்டியின் சாயல் படியாமலும் காத்த தீர்ப்பு இது.

யாருக்கு விற்பது?

இனி, மூன்றாவது கேள்வி. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் வணிகம் பற்றிய பகுதியில், குழப்பக் காலத்திலும் பிற காலத்திலும் ஆயுதம் விற்பது பற்றி ஒரு தனித் தலைப்பு அமைத்துள்ளார்கள். அதன் கீழ், குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) வெறுத்தார்கள் என்ற செய்தி முதலில் வருகிறது. இதை நபிமொழியாகவே அறிவிக்கும் தொடர் பலவீனமானது, நபித்தோழரின் கூற்று என்பதே சரியானது என்று ஹதீஸ் கலை அறிஞர் விளக்கியுள்ளனர். இம்ரான் (ரலி) பஸராவில் வாழ்ந்தவர்கள். ஹி. 36இல் (கி.பி. 656) ஜமல் போர் மூண்டது அந்நகரின் அருகேதான். முஸ்லிமை முஸ்லிம் வெட்டிய நாள்களைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்த ஒருவரின் கூற்று என்பதை மனத்தில் இருத்தியே நாம் அதைப் படிக்க வேண்டும்.

அதே தலைப்பின் கீழ் மற்றொரு செய்தியும் உண்டு. ஹுனைனில் தமக்குக் கிடைத்த கவசத்தை அபூகதாதா (ரலி) விற்று, பனூஸலிமா குடியிருப்பில் ஒரு தோட்டம் வாங்கினார்கள். இஸ்லாத்தில் தாம் தேடிய முதற் சொத்து அதுவே என்று அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். ஆக, ஆயுத விற்பனை தன்னளவில் இழிந்ததன்று. காலமும் வாங்குபவரும் அதன் சட்டத்தை மாற்றுகின்றன. அடுத்த தலைப்பே கஸ்தூரி விற்பவரைப் பற்றியது. நல்ல நண்பனைக் கஸ்தூரி உடையவருக்கும், தீய நண்பனைக் கொல்லனின் துருத்திக்கும் ஒப்பிடும் நபிமொழி அங்கே இடம்பெறுவது சிந்திப்போர்க்கு விருந்து.

மத்ஹபுகள் இதனை மேலும் விரித்தன. குழப்பக்காரருக்கும் அவர்தம் படை முகாம்களிலும் ஆயுதம் விற்பது மக்ரூஹ் என்கிறது ஹிதாயா. ஆனால் கூஃபா நகரில், குழப்பக்காரர் என்று அறியப்படாத ஒருவருக்கு விற்பதில் குற்றமில்லை, ஏனெனில் நகரங்களில் நல்லோரே மிகுதி என்று அதன் ஆசிரியர் மர்கீனானீ (மறைவு: ஹி. 593 / கி.பி. 1197) காரணம் கூறுகிறார். மேலும், தடை ஆயுதத்துக்கே உரியது, ஆயுதமாக இன்னும் வடிக்கப்படாத மூலப்பொருளுக்கு உரியதன்று என்றும் எல்லை வகுக்கிறார். ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா தம் ‘முக்னீ’யில், வழிப்பறிக்காரருக்கோ குழப்பக் காலத்திலோ ஆயுதம் விற்பது ஹராம் என்பதோடு, அவ்விற்பனையே செல்லாது என்றும் எழுதினார். நம் கடற்கரைப் பகுதிகளில் ஓதப்படும் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூமின் ‘ஃபத்ஹுல் முஈன்’ நூலோ, மது காய்ச்சுவார் என்று தெரிந்தோ பெரிதும் கருதியோ ஒருவருக்குத் திராட்சை விற்பதும், சண்டைக்கு விடுவதற்காகச் சேவல் விற்பதும் ஹராம் என்கிறது. பாவத்திலும் பகைமையிலும் ஒருவருக்கொருவர் துணை நிற்க வேண்டாம் என்னும் ஸூரத்துல் மாயிதாவின் 2ஆம் வசனமே இவ்விவாதங்களுக்கெல்லாம் வேர்.

இவற்றுள் ஒரு சமநிலையை நாம் காண்கிறோம். வருவோர் அனைவரையும் ஐயுற வேண்டும் என்று ஃபுகஹாக்கள் கூறவில்லை. அறிந்த பின்னும் அறியாதவர்போல் விற்கலாம் என்றும் கூறவில்லை.

தர்ரா கூறும் பாடம்

விதிகள் உயர்ந்தவை, நடைமுறை எப்போதும் அவ்வாறு இருந்ததில்லை. பெஷாவரிலிருந்து கோஹாட் செல்லும் சாலையில் உள்ள தர்ரா ஆதம்கேல் இதற்குச் சான்று. அஃப்ரீதிப் பழங்குடியினரின் இச்சிற்றூர் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சின்னஞ்சிறு பட்டறைகளில், எளிய கருவிகளைக் கொண்டு, பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளின் படிகளை அம்மக்கள் வியத்தகு திறனுடன் உருவாக்கினர். 1979க்குப் பின் ஆப்கான் போர்க் காலத்தில் கலாஷ்னிகோவ் படிகளும் பெருகின. வாங்க வந்தவர் கடைக்கு வெளியே வந்து வானை நோக்கிச் சுட்டுப் பார்த்து வாங்குவது அங்கு வழக்கமாயிருந்தது.

கைபர் பகுதிப் படிகளில் பிரிட்டிஷ் அரச முத்திரைகளும் பொறிக்கப்பட்டன. விக்டோரியா அரசியார் 1901இல் மறைந்தார். ஆனால் அதற்குப் பிந்திய ஆண்டுகளுடன் அவர் பெயர் முத்திரை கொண்ட துப்பாக்கிகளும் புழங்கின. எழுத்துப் பிழையுள்ள முத்திரைகளும் உண்டு. சேகரிப்பாளருக்கு இது வேடிக்கை. ஆனால் குழலின் உலோகமும் தரம் குறைந்ததாயின், முழு விசையுள்ள தோட்டாவைத் தாங்காமல் அது வெடிக்கக்கூடும். அப்போது காயம் படுவது வாங்கியவரின் முகமும் கையும். மென்னிரும்பை உருக்கென விற்காதே என்று அஷ்ஷைஸரீ எழுதியதன் பொருள் இங்கே முழுமையாக விளங்குகிறது.

ஆயினும் தர்ராவின் பெருங்குறை சரக்கின் தரமன்று. யாருக்கு விற்கிறோம் என்னும் கேள்வி அங்கே நெடுங்காலம் கேட்கப்படவில்லை. அப்பகுதியை முற்றுகையிட்ட தீவிரவாதத்துக்கும் வன்முறைக்கும் அவ்வூர் மக்களே இரையாயினர். 2018இல் பழங்குடிப் பகுதிகள் கைபர் பக்தூன்க்வா மாகாணத்துடன் இணைக்கப்பட்டன. அதே ஆண்டில் தர்ராவில் பொது நூலகம் ஒன்று திறக்கப்பட்டது என்பது ஆறுதலான செய்தி.

நம் நாட்டில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆள்வோரின் அச்சத்தில் பிறந்தது. ஐரோப்பியருக்கு விலக்களித்து இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் அனைவருக்கும் பொதுவானது. வாங்குபவரும் விற்பவரும் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். விற்பனை பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்றாவது கேள்வியை அரசே கேட்கும் ஏற்பாடு இது. மார்க்க நோக்கிலும் இதற்கு இணங்கி நடப்பது கடமை.

இஸ்லாத்தை வாளுடன் இணைத்துப் பேசுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு நாம் சினந்து விடை கூற வேண்டியதில்லை. அந்த வாளைச் செய்தவனின் கூலி, அதைக் கைமாற்றும் முறை, அதன் உருக்கின் உண்மை, அதிலுள்ள வெள்ளியின் கணக்கு, அது யார் கைக்குப் போகிறது என்னும் விசாரணை ஆகிய அனைத்தையும் நம் நூல்கள் பேசியுள்ளன என்று எடுத்துக் காட்டினால் போதும். அதே வேளை அந்நூல்கள் நம்மையும் கேட்கின்றன. நாம் ஆயுதம் விற்பவர் அல்லர். ஆனால் திராட்சை பற்றியும் சேவல் பற்றியும் எழுதிய அறிஞர், நம் கடைகளில் உள்ள பிற பொருள்களையும் மனத்தில் வைத்தே எழுதினார். மருந்து விற்பவரும், வேதிப்பொருள் விற்பவரும், வீட்டை வாடகைக்கு விடுபவரும் அறிந்த பின்னும் அறியாதவர்போல் இருத்தல் ஆகாது. விற்ற பொருள் கடையை விட்டுப் போனபின்னும் விற்றவரின் அமானிதம் முடிந்துவிடுவதில்லை என்பதே அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற தீர்ப்பு.